தீப்பெட்டிக்கும் பி.காமுக்கும் சம்பந்தமில்லையா?

திருவேங்கடம், கழுகுமலை, கோவில்பட்டி பக்கம் பலருக்குத் தீப்பெட்டிதான் பிழைப்பு. அங்கிருந்து பி.காம் படிக்கப் போகிறவரிடம், தீக்குச்சியைச் சுவரில் உரசினால் ஏன் பற்றுவதில்லை என்று கேளுங்கள். "அதெல்லாம் சயின்ஸ் குரூப் சமாச்சாரம்" என்பார்!

குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் தீ. அதனால்தான் அது பாதுகாப்புத் தீப்பெட்டி.

14 வருடங்களுக்குப் பிறகு, 2021 டிசம்பரில் 1 ரூபாய்ப் பெட்டி 2 ரூபாயானது. இந்த மூலப்பொருள்களின் விலையேற்றம்தான் காரணம். எது எதற்கு என்றே தெரியாமல், 'மூலப்பொருள்' என்று ஒரே வரியில் காஸ்ட் ஷீட் போட்டு என்ன பயன்?

வணிகவியல் மாணவருக்கும் அன்றாடப் பொறியியல் ஒரு பாடமாக வேண்டும். அதற்கு லேப் கூட வேண்டாம். பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸே போதும்!