உச்சரிப்பு வேறு, தகுதி வேறு

ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்த நம்மவர் சிலருக்கு, இந்நாட்டார் ‘டுடே’ என்று சொல்வது ‘டு டை’ என்றே காதில் விழும். ‘இன்று’ என்ற சொல் ‘இறப்பதற்கு’ என்றாகிவிடும். வெளியில் இது வேடிக்கை. மருத்துவமனைக் கட்டிலில் இது அச்சம்.

மிட்செல், டெல்பிரிட்ஜ் என்னும் மொழியியலாளர் இருவர் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் ஆஸ்திரேலிய உச்சரிப்பை அழுத்தமானது, பொதுவானது, பண்படுத்தப்பட்டது என மூவகையாகப் பிரித்தனர். ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. அடிலெய்டில் பலர் ‘டான்ஸ்’ என்பதைச் சிட்னியில் பலர் ‘டேன்ஸ்’ என்பர். மெல்பர்னில் சிலர் வாயில் ‘எலன்’, ‘ஆலன்’ என்னும் பெயர்கள் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கும்.

இவை ஒலி வேறுபாடுகளே. அறிவின் அளவுகோல்கள் அல்ல. ஆயினும், அழுத்தமாகப் பேசும் செவிலியரைக் கல்வி குறைந்தவர் என்றும், பிரித்தானியச் சாயலில் பேசும் மருத்துவரைத் திறமை மிக்கவர் என்றும் எடைபோடுவோர் இருக்கின்றனர். இம்மதிப்பீடு தவறானது. இதனால் நல்ல அறிவுரை ஒன்று செவியில் ஏறாமலே போகக்கூடும்.

இதனினும் தீங்கானது, புரியாமலே தலையசைப்பது. மாத்திரையின் அளவு பதினைந்தா, ஐம்பதா என்பதை ஆங்கில ஒலியை மட்டும் கொண்டு முடிவு செய்யாதீர்கள். மறுபடியும் சொல்லச் சொல்லுங்கள். எண்ணால் எழுதித் தரக் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனத் தயங்காமல் சொல்லுங்கள். திரும்பக் கேட்கும் நோயாளியால் எங்களுக்குச் சலிப்பில்லை. கேளாமல் வீடு திரும்பும் நோயாளியை எண்ணித்தான் எங்களுக்குக் கவலை.