ஓரெழுத்துச் சேஷ்டை

ஆங்கில அகராதிக்கு அத்தனை கனம் வழக்கச் சொற்களால் ஏற்பட்டதன்று. சோறு, தண்ணீர், கோபம், கடன் முதலிய அன்றாடக் காரியங்களுக்கு வேண்டிய சொற்களைத் தொகுத்தால் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் அடங்கிவிடும். மிச்சமெல்லாம் கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்து குடியேறிய பெரிய மனிதர்கள். அவர்களை யாரும் வீட்டுக்கு அழைப்பதில்லை. பரீக்ஷைக் காலத்தில் மட்டும் பிள்ளைகள் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். இந்தப் பெரிய மனிதர்களின் தலைப்பாகையைச் சற்றே கோணலாக்கி வேடிக்கை பார்க்கும் விளையாட்டு ஒன்று ஆங்கிலம் பேசும் நாடுகளில் உண்டு. அதைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணுகிறோம்.

விளையாட்டின் விதி மிகச் சுருக்கம். அகராதியிலிருந்து அருமையான சொல் ஒன்றைப் பிடிக்க வேண்டும். அதில் ஓரெழுத்தைச் சேர்க்கலாம், நீக்கலாம், அல்லது மாற்றலாம். பிறகு, அவ்வாறு பிறந்த புதுச் சொல்லுக்கு அகராதிக்காரர் எழுதுவதைப் போலவே சிரிக்காமல் பொருள் எழுத வேண்டும். அமெரிக்காவில் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை 1993ஆம் வருஷம் தொடங்கி 2022 முடிய வாரந்தோறும் நடத்திய ஹாஸ்யப் போட்டியில் இவ்விளையாட்டு அடிக்கடி இடம் பெற்றது.

உதாரணமின்றி இது விளங்காது. மனித குலத்தை நேசித்துத் தர்மம் செய்பவருக்குப் 'பிலாந்த்ரபிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் பெயர். இதில் 'பி' என்பதைப் 'பை' ஆக்குவோம். 'பைலாந்த்ரபிஸ்ட்' என்றாகிறது. பொருள்: மனிதரைக் காட்டிலும் பைலை அதிகமாக நேசிக்கும் உத்தியோகஸ்தர். ஏதேனும் ஒரு காரியாலயத்தில் மூன்று மாதம் நடந்து செருப்புத் தேய்ந்த நேயர்களுக்கு இதற்கு மேல் வியாக்கியானம் தேவையில்லை. இன்னொன்று: உறக்கத்தை வருவிக்கும் வஸ்துவுக்கு 'ஸோபரிபிக்' என்று பெயர். ஒரு காலை மட்டும் கூட்டி 'ஸோபாரிபிக்' என்று எழுதிப் பாருங்கள். பொருள்: விருந்தாளியைச் சாப்பாட்டுக்குப் பின் எழுந்திருக்கவிடாமல் செய்யும் ஆசனத்தின் குணம். மேடைப் பிரசங்கத்துக்கு 'ஒரேஷன்' என்பார்கள். தலையெழுத்தை எடுத்துவிட்டால் 'ரேஷன்' ஆகிவிடுகிறது. இதற்குப் புதிதாகப் பொருள் எழுத வேண்டியதே இல்லை. அரிசிக்கும் சர்க்கரைக்கும் வைத்த அளவைப் பிரசங்கத்துக்கும் வைத்தாலென்ன என்று கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நாம் பல முறை யோசித்ததுண்டு.

பார்த்தால் சுலபமாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். சின்னச் சொல்லில் ஓரெழுத்தை மாற்றினால் வேறொரு சின்னச் சொல் கிடைக்கும், சிரிப்பு வராது. நீண்ட சொல்லாக இருந்தால்தான் ஓரெழுத்து மாறிய பிறகும் பழைய முகம் தெரியும். மீசையை எடுத்துவிட்டு வந்த மாமாவைக் குழந்தை உற்றுப் பார்க்கிறதே, அந்தப் பார்வையோடு வாசகர் புதுச் சொல்லைப் பார்க்க வேண்டும். புதுப் பொருளும் பழைய பொருளுக்கு உறவாக இருக்க வேண்டும். எதிர்ப்பொருளானால் இன்னும் விசேஷம். மனிதரை நேசிப்பவர் என்பது பின்னால் நின்றுகொண்டிருப்பதால்தான் பைலை நேசிப்பவர் நம்மைக் குத்துகிறார்.

அகராதி எழுதுவோர் சிரிக்கக்கூடாதென்று சட்டமில்லை. டாக்டர் ஜான்ஸன் 1755இல் வெளியிட்ட பேரகராதியில் ஓட்ஸ் தானியத்துக்குப் பொருள் எழுதும்போது, இங்கிலாந்தில் அது குதிரைக்குத் தீனி, ஸ்காட்லாந்தில் ஜனங்களுக்கு ஆகாரம் என்று ஒரு போடு போட்டுவிட்டார். ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை லேசில் மறக்கவில்லை. அமெரிக்காவில் ஆம்புரோஸ் பியர்ஸ் என்பவர் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு பொருளில் மட்டும் விஷத்தைத் தடவினார். 1911இல் 'சைத்தானின் அகராதி' என்ற பெயரில் அது வெளிவந்தது. லூயி காரல் 1871இல் வந்த தம் இரண்டாவது ஆலிஸ் கதையில் இரண்டு சொற்களை ஒரு பெட்டியில் திணிப்பதுபோல் திணித்துப் புதுச் சொல் செய்து காட்டினார். அவற்றில் 'சார்ட்டில்' என்பது மெய்யான அகராதியிலேயே ஏறிவிட்டது. 1983இல் டக்ளஸ் ஆடம்ஸும் ஜான் லாயிடும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வழிகாட்டிப் பலகைகளில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் ஊர்ப் பெயர்களை எடுத்து, பெயரில்லாமல் தவிக்கும் அனுபவங்களுக்குச் சூட்டி ஒரு புத்தகமே போட்டுவிட்டார்கள்.

நிற்க. இந்த விளையாட்டில் நம் தேசமும் அகப்பட்டுக்கொண்டதுண்டு. 1843இல் ஸர் சார்லஸ் நேப்பியர் ஸிந்து தேசத்தைக் கைப்பற்றினார். மறு வருஷம் லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் ஒரு துணுக்கு வெளிவந்தது. நேப்பியர் தம் வெற்றியை ஒரே சொல்லில் தெரிவித்தாராம்: 'பெக்காவி'. லத்தீனில் இதற்கு 'நான் பாவம் செய்தேன்' என்று பொருள். அதை ஆங்கிலத்தில் சொன்னால் 'ஐ ஹாவ் ஸின்ட்'. 'ஸிந்து என்னிடம் இருக்கிறது' என்பதற்கும் ஆங்கிலத்தில் அதே ஒலிதான். நேப்பியரே இதைத் தந்தியடித்தார் என்று வெகு காலம் பலர் நம்பி வந்தார்கள். உண்மையில் இதைக் கற்பித்தவள் காதரீன் விங்க்வொர்த் என்னும் இளம்பெண். படை எடுத்தவர் ஒப்புக்கொள்ளாத பாவத்தை ஒரு பெண்ணின் சிலேடை அவர் வாயில் வைத்துச் சொல்ல வைத்துவிட்டது! சரித்திர பாடத்தில் ஒரு பக்கம் செய்யும் வேலையை ஒரு சொல் செய்திருக்கிறது.

சேஷ்டைக்கும் பிழைக்கும் உள்ள வேற்றுமையை இங்கே கவனிக்க வேண்டும். தெரிந்து ஓரெழுத்தை மாற்றினால் விகடம்; தெரியாமல் மாற்றினால் தவறு. ஆனால் யார் மாற்றினார் என்பதையும் உலகம் பார்க்கிறது. மொஹரம் ஊர்வலத்தில் 'யா ஹஸன்! யா ஹுஸேன்!' என்று மார்பிலடித்துக்கொண்டு புலம்பியது வெள்ளைச் சோல்ஜர்களின் காதில் 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்று விழுந்தது. 1886இல் கர்னல் யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதிக்கு அதுவே பெயராயிற்று. அந்தப் புத்தகம் மெத்தச் சிறந்தது; நம் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் எந்தெந்த வேஷத்தில் சீமைக்குப் போயின என்பதை அதில் படித்து மகிழலாம். ஆனால் அதே காலத்தில் நம்மவர் ஆங்கிலத்தில் ஓரெழுத்துப் பிசகினால் அதற்கு 'பாபு இங்கிலீஷ்' என்று பெயர். அதைப் பரிகசிக்கவே எப். ஆன்ஸ்டி என்பவர் ஒரு வங்காளி பி.ஏ.யைக் கதாநாயகனாக்கி 1897இல் நாவல் வெளியிட்டார். அவர்கள் காதில் பிசகினால் அகராதி. நம் நாவில் பிசகினால் ஹாஸ்ய நாவல்!

இதற்குத் தக்க பதில் 1948இல் வந்தது. ஜி. வி. தேசானி என்னும் நம்மவர், எந்த ஆங்கிலத்தைப் பார்த்து அவர்கள் சிரித்தார்களோ, அதே ஆங்கிலத்தை வேண்டுமென்றே வளைத்தும் முறித்தும் 'ஹாட்டர்' என்பவனுடைய கதையை எழுதினார். அங்கே ஓரெழுத்துப் பிசகவில்லை, ஆசிரியர் பிசக்கினார். தேசம் விடுதலையடைந்த மறு வருஷம் அது வந்ததை நாம் தற்செயல் என்றே கொள்கிறோம். ஆனாலும் நினைக்க இனிமையாக இருக்கிறது.

நம் தமிழில் இவ்விளையாட்டு இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று தண்டியலங்காரம் வகுத்தே வைத்திருக்கிறது; காளமேகத்தின் பெயரைச் சொன்னால் போதும். ஆனால் நமது சொல்லைப் பிரித்தாலே பொருள் மாறுகிறது. எழுத்தில் கை வைக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்திலோ எழுத்து ஒரு வழி, ஒலி ஒரு வழி. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் இந்தச் சேஷ்டைகளெல்லாம் நடக்கின்றன.

இருபது வருஷமாக ஆங்கிலம் கற்பிக்கும் நமக்கு ஒரு விஷயம் புலப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்தை இன்னமும் எஜமானனின் வீட்டுச் சாமானைப்போல் தொடுகிறார்கள். உடைந்துவிடுமோ என்று கை நடுங்குகிறது. இலக்கணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறவன் எழுந்து நின்று இரண்டு வாக்கியம் பேச வியர்த்துக் கொட்டுகிறான். ஆகவே சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒன்பதாம் வகுப்பில் அகராதியைக் கொடுத்து, 'இன்று நீங்கள் பிழை செய்யலாம். ஆனால் வேண்டுமென்றே செய்யவேண்டும்' என்றோம். கொஞ்ச நேரம் ஒருவரும் அசையவில்லை. கேள்வியிலேயே ஏதோ பொறி இருக்கிறதென்று நினைத்தார்கள் போலும். பிறகு ஒரு பெண் 'எக்ஸாமினேஷன்' என்ற சொல்லில் ஓரெழுத்தும் மாற்றாமல் நடுவில் ஒரு கோடு மட்டும் கிழித்து 'எக்ஸாமி-நேஷன்' என்று எழுதிக் காட்டினாள். பொருள்: பரீக்ஷை எழுதுவதைத் தவிர வேறு தொழில் அறியாத தேசம். அதற்கப்புறம் வகுப்பை அடக்க நம்மால் முடியவில்லை. அடக்க முயலவும் இல்லை. வருஷம் முழுதும் வாய் திறவாத பையன்கள்கூட அகராதிக்கு அடித்துக்கொண்டார்கள்.

மணி அடித்த பிறகு மேஜைமேல் பெயரில்லாத ஒரு சீட்டுக் கிடந்தது. ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் 'பெடகாக்' என்றொரு பெயர் உண்டு. அதன் வாலை மாற்றிப் 'பெடகேக்' என்று எழுதியிருந்தது. கேக் என்றதும் தின்பண்டத்தை நினைக்க வேண்டாம். நம் லிபியில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் வாயை அடைக்கும் துணிக்கும், கோமாளி சொல்லும் ஹாஸ்யத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. சீட்டிலிருந்த பொருள்: பிள்ளைகளின் வாயை அடைத்துவிட்டுத் தாம் மட்டும் ஹாஸ்யம் பேசும் ஆசிரியர்.

கையெழுத்து யாருடையது என்று நமக்குத் தெரியும். பத்துக்குப் பத்து மார்க் போட்டு, பெயரில்லாத அந்தச் சீட்டைக் கரும்பலகையின் ஓரத்தில் குத்திவைத்திருக்கிறோம்.