இருமல் சிரப்பில் டிஇஜி: சிறுநீரக செல்லுக்குள் என்ன நடக்கிறது?

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 2025 செப்டம்பரில், சாதாரண சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்து சிறுநீர் நின்றுபோனது. சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். பெரும்பாலானோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள்.

சந்தேகம் விழுந்தது 'கோல்ட்ரிஃப்' என்ற சிரப் மீது. அது தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது, அதில் 48.6% டைஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக டிஇஜி, இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1% மட்டுமே. அதாவது 486 மடங்கு அதிகம். 5 மி.லி. சிரப் கொடுத்தால், சுமார் 2.4 கிராம் டிஇஜி குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்கும். நிறுவனத்தின் உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார்.

கைது, ரத்து எல்லாம் செய்தியில் பார்த்தோம். ஆனால், இந்த ரசாயனம் சிறுநீரகத்தை அப்படி என்னதான் செய்கிறது?

மருந்துக்குள் இது எப்படி வந்தது?

சிரப்பில் மருந்தைக் கரைக்க புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்களைச் சேர்ப்பார்கள். மருந்துக்கான தரத்தில் இருந்தால் இவற்றால் பிரச்சினை இல்லை. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மலிவான சரக்கை வாங்கினால்தான் சிக்கல். அதில் டிஇஜி கலந்திருக்கலாம். டிஇஜி என்பது பிரேக் ஆயில், பிசின் தயாரிப்பு போன்றவற்றில் பயன்படும் பொருள். நிறமில்லை, லேசான இனிப்பு வேறு. கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்கவே முடியாது.

விஷத்தைத் தயாரிப்பது உடலேதான்

இங்கேதான் வியக்க வைக்கும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனித சிறுநீரக செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றின் மேல் டிஇஜியைச் சேர்த்துப் பார்த்தார்கள். செல்கள் சாகவில்லை. ஆனால், டிஇஜி உடலுக்குள் சிதைந்து உருவாகும் டைகிளைக்காலிக் அமிலத்தைச் சேர்த்தபோது செல்கள் செத்தன. 2011-ல் இந்த முடிவுகள் வெளியாகின.

ஆக, பாட்டிலில் இருப்பது பாதிக் கதைதான். மீதியை எழுதுவது நம் உடல். கல்லீரலில் 'ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ்' என்ற நொதி இருக்கிறது. மதுவைச் சிதைப்பதும் இதுதான். டிஇஜி வந்தாலும் வழக்கம்போல வேலையைத் தொடங்கிவிடும். படிப்படியாக மாறி, கடைசியில் டைகிளைக்காலிக் அமிலம் உருவாகிறது.

இந்த அமிலம் ரத்தம் வழியாக சிறுநீரகத்துக்குப் போகிறது. அங்குள்ள நுண்குழாய் செல்களுக்கு ஒரு முக்கிய வேலை உண்டு. சிறுநீரோடு வெளியேறப் போகும் சிட்ரேட், சக்சினேட் போன்ற பயனுள்ள பொருள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். டைகிளைக்காலிக் அமிலத்தின் வடிவமும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருப்பதால், செல் ஏமாந்து இதையும் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே வந்தது எளிதில் வெளியேறுவதும் இல்லை. சேர்ந்துகொண்டே போகிறது.

அடுத்து பாதிக்கப்படுவது மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்கான ஆற்றலைத் தயாரிக்கும் இடம் அது. அங்கே ஒரு முக்கிய நொதியை இந்த அமிலம் முடக்குகிறது. ஆற்றல் இல்லாமல் செல் சாகிறது. ஒவ்வொன்றாகச் செல்கள் செத்து நுண்குழாய்கள் சேதமானால், சிறுநீர் குறைந்து, பிறகு நின்றே போகிறது.

மாற்று மருந்து இல்லையா?

இருக்கிறது. ஃபோமெபிசோல் என்ற மருந்து, அந்தக் கல்லீரல் நொதியைத் தடுத்துவிடும். எலிகளில் நடந்த ஆய்வில், இதைக் கொடுத்தபோது டிஇஜி அமிலமாக மாறாததால் சிறுநீரகம் தப்பியது. டயாலிசிஸும் உதவும்.

ஆனால், டிஇஜி அமிலமாக மாறுவதற்கு முன்பே இதைக் கொடுக்க வேண்டும். காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைக்கு விஷம் போயிருக்கும்னு யாருக்குச் சந்தேகம் வரும்? வாந்தி, வயிற்றுவலி வந்தாலும் காய்ச்சலால்தான் என்றே நினைப்பார்கள். சிறுநீர் நின்ற பிறகு மருத்துவமனைக்கு ஓடினால், அதற்குள் அமிலம் செல்லுக்குள் சேர்ந்திருக்கும்.

அதனால், இந்த விஷத்தைத் தடுக்க வேண்டிய இடம் மருத்துவமனை அல்ல, தொழிற்சாலை வாசல்.

ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது?

இது புதிய விஷமும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் டிஇஜி கலந்த மருந்தால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டே அங்கு மருந்துச் சட்டம் கடுமையானது. இந்தியாவில் 1986-ல் மும்பை, 1998-ல் குருகிராம், 2019-20-ல் ஜம்மு எனப் பட்டியல் நீள்கிறது. 1970-களின் தொடக்கத்தில் சென்னையிலும் குழந்தைகள் இறந்தார்கள்.

2022-ல் காம்பியாவில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணத்தோடு இந்தியாவில் தயாரான சிரப்கள் தொடர்புபடுத்தப்பட்டன. அதன்பின், 2023 ஜூன் முதல் ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புகளுக்கு ஆய்வகச் சோதனைச் சான்று கட்டாயமானது. உள்நாட்டில் விற்பனையாகும் சிரப்புக்கு அப்போது அந்த விதி பொருந்தவில்லை. வெளிநாட்டுக் குழந்தைக்குப் போன பாட்டிலுக்கு ஒரு சோதனை கூடுதல். சிந்த்வாரா குழந்தைக்குப் போன பாட்டிலுக்கு அது இல்லை.

கோல்ட்ரிஃப்பில் டிஇஜி இருப்பதைக் கண்டுபிடிக்க, மாதிரி கைக்கு வந்தபின் ஓரிரு நாள்களே ஆனது. அதே சோதனையை மூலப்பொருள் வந்திறங்கியபோதே செய்திருந்தால், அந்தச் சரக்கு சிரப்பாகவே ஆகியிருக்காது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

* 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் கொடுக்கக் கூடாது. 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்கிறது மத்திய சுகாதாரத் துறையின் அறிவுறுத்தல். குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.
* மருந்து குடித்த பிறகு சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
* பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். அதில் உள்ள பேட்ச் எண்ணை வைத்துத்தான் அதே சரக்கில் மீதியுள்ள பாட்டில்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற முடியும்.