பர்மாவில் ஓர் இருக்கை, சிவகங்கையில் ஒரு வாக்கு

ஒரு நிலப்பகுதியின் அரசியல் தகுதி மாறும்போது அங்கே பொருளீட்டச் சென்றோரின் உரிமை எவ்வளவு விரைவில் கரைந்துபோகும் என்பதைச் செட்டிநாட்டைப் போலப் பட்டறிந்த பகுதிகள் தமிழகத்தில் குறைவு. 1886இல் மேல் பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவுடன் இணைக்கப்பட்டபின், காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் கொண்டுவிக்கச் சென்ற நகரத்தார், அதாவது பிறநாட்டில் முதலிட்டுத் தொழில் நடத்தச் சென்றோர், கடலைக் கடந்தாலும் சட்டத்தின் பார்வையில் இந்தியாவின் மற்றொரு மாகாணத்துக்கே சென்றனர். முகவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் போய் வந்தனர். குடும்பங்கள் ஊரிலேயே இருந்தன.

1935ஆம் ஆண்டின் பர்மா அரசுச் சட்டம் 1937 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்து, பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தது. புதிய பிரதிநிதிகள் சபையின் 132 இடங்களில் 8 இந்தியருக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டன. வணிகத்துக்கும் தொழிலுக்கும் உரிய 11 இடங்களுள் ஒன்று நகரத்தாரின் நாட்டுக்கோட்டைச் செட்டியார் சங்கத்துக்குக் கிடைத்தது. பெருஞ்சலுகையாகத் தோன்றிய இந்த இடம் குடிமக்களின் வாக்கிலிருந்து பிறந்ததன்று, முதலீட்டுக்குத் தரப்பட்ட பிரதிநிதித்துவமே. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிந்து, அடமான நிலங்கள் அவர்கள் தந்த கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தபோது, கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களின் நிலப் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்ந்தது. நிலமிழந்த பர்மிய உழவரின் சினம் நியாயமானது. அதை மறைக்கும் நகரத்தார் வரலாறு முழுமை பெறாது. அச்சினத்துக்கு விடை தேட ஒற்றை இருக்கையால் இயலவில்லை. 1942இல் போர் குடியேறியோரைத் துரத்தியது. விடுதலை பெற்ற பர்மா 1948இல் இயற்றிய நில தேசியமயச் சட்டத்தை எதிர்த்து வாக்களிக்க, அங்கே குடியுரிமையற்ற நில உடைமையாளருக்கு வழியே இருக்கவில்லை.

பர்மா காட்டியதுபோல, வெளிநாட்டில் உழைப்பவரின் நிலைத்த அரசியல் உரிமை சொந்தத் தொகுதியில்தான் என்பதால், அந்த உரிமை பயன்படுத்தக்கூடியதாக இருக்கவேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட 20ஏ பிரிவு, வேறு நாட்டின் குடியுரிமையைப் பெறாத இந்தியரை அவரது ஊர்ப் பட்டியலில் சேர்க்கிறது. ஆனால் சிங்கப்பூரில் பணிபுரியும் காரைக்குடிக்காரர் சிவகங்கைத் தொகுதியில் வாக்களிக்க, வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தாகவேண்டும். பதிலாள் மூலம் வாக்களிக்க வகைசெய்யும் மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியபோதும், மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019இல் காலாவதியானது. எல்லைக் காவலில் உள்ள படைவீரருக்கு மின்வழியே அனுப்பப்படும் அஞ்சல் வாக்குச்சீட்டை வெளிநாட்டில் உழைக்கும் வாக்காளருக்கும் நீட்டிப்பதில் இனியும் தயங்குவது முறையன்று.