அன்றே மாவட்டம்... பிறகு தாலுகா! திண்டுக்கல் சீமை தொலைந்ததும் மீண்டதும் எப்படி?

பழனியைத் தலைமையிடமாக வைத்து தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷமாக இருக்கிறது. தேர்தல் நெருங்கினால் சத்தம் கூடும், முடிந்தால் அடங்கும். 2027 மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்காக மாவட்ட, தாலுகா எல்லைகளை மாற்றுவதற்கான கெடு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டதால், இப்போதைக்கு அதற்கு வழியில்லை.

ஆனால் திண்டுக்கல்லுக்கு இந்தக் கதை புதுசு இல்லை. ஒரு காலத்தில் தனி மாவட்டமாக இருந்து, பிறகு மதுரையின் ஒரு தாலுகாவாகச் சுருங்கி, 1985-ல் மறுபடி மாவட்டமான ஊர் இது.

கம்பெனி கைக்கு வந்தது எப்படி?

எல்லாம் அந்த மலைக்கோட்டையால் வந்தது. மதுரை நாயக்கர்கள் கட்டிய கோட்டை. 1755-ல் மைசூர் அரசு ஹைதர் அலியை இங்கே பௌஜ்தாராக அனுப்பியது. பின்னாளில் மைசூரையே ஆண்ட ஹைதர், படை திரட்டி வளர்ந்தது இந்தப் பாறைக்குக் கீழேதான். கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலுநாச்சியார் அடைக்கலம் தேடி வந்ததும் இந்தப் பக்கம்தான்.

மைசூருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர்களில் கோட்டை பலமுறை கை மாறியது. 1790-ல் கம்பெனிப் படை பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. அதாவது தமிழ்நாட்டில் கம்பெனி நேரடியாக வரி வசூலித்த ஆரம்ப காலச் சீமைகளில் இதுவும் சேலம் பக்கத்து பாரமகாலும் முக்கியமானவை. திண்டுக்கல்லின் முதல் கலெக்டர் அலெக்சாண்டர் மெக்லியோட்.

அந்தச் சீமை இன்றைய மாவட்டத்தைவிடப் பெரியது. பழனி, விருப்பாட்சி, கன்னிவாடி மட்டுமல்ல, இன்று தேனியில் இருக்கும் போடி, கம்பம், கூடலூரும் அதற்குள் இருந்தன. மொத்தம் 26 பாளையங்கள்.

பாளையக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. விருப்பாட்சி கோபால நாயக்கர் தலைமையில் ஒரு கூட்டணி உருவானது. 1800-ல் கோவையில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கத் திட்டம் போட்டார்கள். அது தோற்றது. பலர் தூக்கிலிடப்பட்டார்கள். கோபால நாயக்கரை 1801-ல் தூக்கிலிட்டார்கள். கட்டபொம்மனுக்குக் கிடைத்த சினிமா இவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே 1801-ல் ஆற்காடு நவாப்பிடமிருந்து மதுரையும் கம்பெனிக்குப் போனது. பெரிய ஊர், பழைய தலைநகர். அடுத்து நடந்ததை ஊகிக்கலாம். நிர்வாகம் மதுரைக்கு நகர்ந்தது. திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் ஒரு தாலுகா ஆனது. நகராட்சி 1866-லேயே வந்துவிட்டது. ரயில் வந்தது, சுருட்டுத் தொழில் வளர்ந்தது, தோல் ஷாப்புகள் பெருகின. கலெக்டர் ஆபீஸ் மட்டும் வரவில்லை.

யார் யார் வாழ்கிறார்கள்?

கோட்டையை ஆண்ட ஒவ்வொருவரும் கொஞ்சம் ஜனங்களையும் மொழியையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பாளையக்காரர்களின் வழிவந்த கம்பளத்து நாயக்கர் வீடுகளில் இன்றும் தெலுங்கு உண்டு. கிராமங்களில் கன்னடம் பேசும் அனுப்பர், நெசவு நடக்கும் இடங்களில் தேவாங்கர், சௌராஷ்டிரர். சின்னாளப்பட்டி சேலை என்றால் இவர்கள் கைவண்ணம்தான் நினைவுக்கு வரும். பேகம்பூர் என்ற பெயரே ஹைதர் அலி வீட்டுப் பெண் ஒருவரால் வந்தது என்பது ஊர் வழக்கு. தோல் வியாபாரத்தை வளர்த்ததில் இங்குள்ள ராவுத்தர்களுக்குப் பெரிய பங்கு. மேற்கே பழனி, ஒட்டன்சத்திரம் போனால் பேச்சில் கொங்கு வாடை அடிக்கும்.

கத்தோலிக்கர்களின் வரைபடம் இன்னும் வேறு. மதுரை மாவட்டத்தில் இருந்தபோதும் திண்டுக்கல் திருச்சி மறைமாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2003-ல்தான் தனி மறைமாவட்டம் ஆனது.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே மலையில் இருந்தவர்கள் பளியர்கள். ஊருக்குத் தென்கிழக்கே சுவர் மாதிரி நிற்கும் சிறுமலையிலும், கொடைக்கானல் மலையின் கீழ்ச்சரிவிலும் வாழ்கிறார்கள். தேனும் கிழங்கும் கடுக்காயும் எடுத்தவர்கள், இன்று பலர் தோட்டக் கூலிகள். 18 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் சிறுமலை. தோட்டத்திலிருந்து சாலை வரை மூட்டையைக் குதிரை சுமக்கும். புவிசார் குறியீடு வாங்கிய சிறுமலை வாழைப்பழம் இங்கே விளைகிறது. முடிக்கொத்து நோய் வந்து அந்த வாழை பெருமளவு அழிந்தது, மிச்சம்தான் சந்தைக்கு வருகிறது.

1985-ல் என்ன மாறியது?

1985 செப்டம்பர் 15-ல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் அண்ணா மாவட்டம் பிறந்தது. பிறகு காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று பெயர்கள் மாறின. 1997-ல் எல்லா மாவட்டங்களிலும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது வெறும் 'திண்டுக்கல்' மிஞ்சியது. போடி, கம்பம் மட்டும் திரும்பவில்லை. அவை மதுரையோடு தங்கி, பின்னர் தேனி மாவட்டமாகிவிட்டன.

மாவட்டம் என்பது போர்டில் எழுதும் பெயர் மட்டும் இல்லை. ஒரு பளியர் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் தர வேண்டியவர் கோட்டாட்சியர். காட்டில் பயிர் செய்யும் நிலத்துக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமை கேட்டால், கிராம சபை, கோட்டக் குழு தாண்டி முடிவு செய்வது கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு. சிறுமலையிலிருந்து திண்டுக்கல் சுமார் 25 கிலோமீட்டர். மதுரை என்றால் அதைப்போல் பல மடங்கு. ஒரு கையெழுத்துக்கு ஒருநாள் கூலி போகிறதா, இரண்டு நாள் கூலி போகிறதா என்பதுதான் இங்கே கணக்கு.

பழனி மாவட்டம் வந்தால்?

இதே கணக்கைத்தான் பழனிக்காரர்களும் சொல்கிறார்கள். பழனியிலிருந்து திண்டுக்கல் சுமார் 60 கிலோமீட்டர், கொடைக்கானலிலிருந்து சுமார் 95. நியாயம் இருக்கிறது. 2011 கணக்குப்படி மாவட்ட மக்கள் தொகை 21,59,775. இன்று அதைவிடக் கூடத்தான் இருக்கும்.

சிக்கல் எல்லையில். பக்கத்து உடுமலை, மடத்துக்குளத்தையும் சேர்க்கும் யோசனைக்கு அந்தப் பகுதிகளில் எதிர்ப்பு கிளம்பியது. அவர்களை 2009-ல்தான் கோவையிலிருந்து பிரித்து திருப்பூரோடு சேர்த்தார்கள். மறுபடி எல்லா ஆவணத்தையும் மாற்ற யாருக்கு ஆசை? கொடைக்கானல் பழனியோடு போனால், அங்குள்ள பளியர்கள் ஒரு கலெக்டரிடமும் சிறுமலைப் பளியர்கள் இன்னொரு கலெக்டரிடமும் போக வேண்டும். ஏற்கெனவே தேனி, விருதுநகர் என்று சிதறிக் கிடக்கும் சமூகம் அது.

கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரியில். எந்த தாலுகாவில் எத்தனை பேர் என்ற புது எண்ணிக்கை கைக்கு வந்த பிறகுதான் பழனி கோரிக்கைக்கு மறுபடி உயிர் வரும்.