மழைக்கு முன்னே சுவரைப் பாருங்கள்

2021 நவம்பர் 19 அன்று அதிகாலை வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் மாண்டார்கள். விடாத மழைக்குப் பயந்து அக்கம்பக்கத்தாரும் அந்த வீட்டில் தங்கியிருந்ததாகச் செய்திகள் கூறின. இடிந்து விழும் நிலையிலுள்ள கட்டடத்துக்கு நோட்டீஸ் தரும் அதிகாரம் நகராட்சிகளுக்கு நெடுங்காலமாக இருக்கிறது. எந்த வீட்டுக்கு நோட்டீஸ் என்பதைத் தீர்மானிப்பதோ தெருவில் நடந்து போகிற ஊழியரின் கண்தான். பூச்சுக்கு உள்ளே ஊறிக் கிடக்கும் ஓதம் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் நகராட்சிகள் வீட்டு ஆய்வுக்குத் தெர்மல் கேமராவைப் பயன்படுத்த வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான்.

கொரோனா காலத்தில் விமான நிலையங்களில் காய்ச்சலைத் தேடிய கருவியின் இனம்தான் இது. பொருள்கள் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, மேற்பரப்பின் வெப்ப வேறுபாட்டை நிறமாகக் காட்டும். ஈரம் ஆவியாகும்போது சுவரைக் குளிர்விக்கிறது. ஆகவே வெளிக்குக் காய்ந்ததுபோல் இருக்கும் சுவரிலும் ஓதம் ஏறிய இடம் தனி நிறத்தில் தெரியும். வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளத்தில் காரை உள்ளே விட்டுப்போயிருந்தால், அந்த இடம் சுற்றியுள்ள பகுதியைவிடச் சீக்கிரம் சூடேறி, பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். பாலாற்றங்கரைக்கு இது இன்னும் பொருந்தும். பதப்படுத்தாத தோலைக் கெடாமல் வைக்க அள்ளிப் போட்ட உப்பு, தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரோடு கலந்து ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்து நிலத்தடி நீரைக் கெடுத்தது ஊரறிந்த கதை. கிணற்று நீரின் உப்பைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அதே நீரில் கலவை குழைத்துக் கட்டிய சுவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. உப்பேறிய சுவர் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். பூச்சு பொரிந்து உதிரும். கான்கிரீட்டுக்குள் குளோரைடு புகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, தளத்தையே பிளக்கும்.

இந்தக் கேமரா சுவரின் வலிமையை அளக்காது என்று பொறியாளர்கள் சொல்வார்கள். உண்மை. சுவருக்குள்ளே ஊடுருவிப் பார்க்கும் கருவி அல்ல இது. நிழல் விழுந்த இடமும் பளபளக்கும் தகரமும் அதை ஏமாற்றும். இது இருந்திருந்தால் அந்த ஒன்பது பேரும் பிழைத்திருப்பார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். எங்கே தட்டிப் பார்க்க வேண்டும், எங்கே ஈரமானியை வைக்க வேண்டும், எந்த வீட்டுக்குப் பொறியாளரை முதலில் அனுப்ப வேண்டும் என்று அது வரிசைப்படுத்தித் தரும். ஆயிரக்கணக்கான பழைய வீடுகளும் கைவிரல் எண்ணிக்கையில் பொறியாளர்களும் உள்ள ஊரில் அந்த வரிசையே பாதி வேலை. செலவையும் பெரிதாகச் சொல்வதற்கில்லை. கைபேசியில் செருகும் கேமரா சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மக்களின் அச்சம்தான் கனமான மறுப்பு. பீடி சுற்றியும் ஷூ கம்பெனிக்குப் போயும் வாடகை கொடுக்கிற குடும்பத்துக்கு, சுவரைப் படம் பிடிக்க ஆள் வருகிறார் என்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்லப் போகிறார் என்றுதான் பொருள். கதவைத் திறக்கவே மாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. பழுது பார்க்க உதவித்தொகையும், மழை நாட்களில் தங்க இடமும் கையோடு வராவிட்டால் இந்த ஆய்வு வெறும் மிரட்டலாகிவிடும். 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளியொன்றில் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்ய அரசு உத்தரவிட்டது. வீடுகளுக்கும் அந்த அக்கறை வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் சுவர்கள் நனைந்திருக்கும் செப்டம்பரே இந்த ஆய்வுக்கு ஏற்ற மாதம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். நகராட்சிகள் பேரணாம்பட்டிலிருந்தே இந்த வேலையைத் தொடங்கட்டும்.