ஒரு வயதுக் குழந்தைக்கு மண்டபம் எதற்கு?

குழந்தை குப்புற விழத் தொடங்கியதுமே கேள்வியும் வந்துவிடுகிறது: “மொதப் பொறந்தநாளு எந்த மண்டபத்துல?” விழா எடுக்கப் போகிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. அது முடிவான விஷயம். எங்கே, எத்தனை பேருக்கு, சமையல் யார் என்பது மட்டும்தான் பாக்கி. முதல் பிறந்தநாளை ஊரைக் கூட்டிச் செய்தே ஆக வேண்டும், செய்யாவிட்டால் பிள்ளைக்குக் குறை வைத்ததாகிவிடும் என்ற நம்பிக்கை இன்று தமிழ்நாட்டில் சாதி, மதம், வசதி பார்க்காமல் பரவிக் கிடக்கிறது. ஆட்டோ ஓட்டுகிறவரும் அதற்குக் கடன் வாங்குகிறார், ஐ.டி. கம்பெனியில் இருப்பவரும் வாங்குகிறார். இந்த நம்பிக்கை தவறு என்று சொன்னால் மட்டும் போதாது. பாசத்தின் பேரால் ஒரு கைக்குழந்தையை நாம் வதைக்கிறோம் என்றே சொல்வேன்.

அந்த மாலைப் பொழுதைக் குழந்தையின் பக்கம் நின்று பாருங்கள். பத்திரிகையில் ஆறரை மணி என்று போட்டிருக்கும். மற்ற நாளில் ஏழரைக்கெல்லாம் தூங்கிவிடுகிற குழந்தை அது. அன்று மதியத் தூக்கமும் கெட்டிருக்கும். வீடு நிறைய ஆட்கள், ஓயாத சத்தம். உடம்பில் ஜிகினா தைத்த வலைத்துணி கவுன். கழுத்தோரமும் அக்குளும் உரசி உரசிச் சிவந்திருக்கும். நெற்றியைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை, கழற்றினால் அச்சு தெரியும். மணி எட்டாகியும் கேக் வெட்ட முடியாது. சம்பந்தி வீட்டார் இன்னும் வந்து சேரவில்லை, கவுன்சிலர் வந்துகொண்டிருக்கிறார். பசியில் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் மணமகள் அறைக்குள் போய்ப் பால் கொடுக்க உட்காருகிறாள். பட்டுப்புடவையும் பின் குத்திய முந்தானையுமாக அவளால் சரியாக உட்காரக்கூட முடியவில்லை. கண் செருகுகிற நேரத்தில் கதவு தட்டப்படுகிறது: “அக்கா, கெஸ்ட்டு எல்லாம் வெயிட் பண்றாங்க.” மார்பில் தூங்கிப்போன குழந்தையை எழுப்பி, கலைந்த பொட்டைத் திருத்தி, மறுபடி விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே அது கை மாறிக் கை மாறிப் போகிறது. அலறுகிறது. போட்டோக்காரர் கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். பசி என்கிறார் ஒருவர், கண்ணேறு என்கிறார் இன்னொருவர். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குத் தூக்கிப் போங்கள் என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

அந்த அழுகைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. எட்டு, ஒன்பது மாதத்தில் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை வயது வரை குழந்தைக்கு வேற்றுமுகம் இருக்கும். அம்மா யார், பாட்டி யார், தெரியாத ஆள் யார் என்று பிரித்தறியும் அறிவு வந்துவிட்டதன் அடையாளம் அது. நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். “புள்ள வேத்துமுகம் பாக்குது, தூக்காதீங்க” என்று வந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொல்வார்கள். அந்தப் பயம் உச்சத்தில் இருக்கும் மாதங்களாகப் பார்த்துத்தான் முன்பின் பார்த்திராத முந்நூறு பேர் நடுவே பிள்ளையை நிறுத்துகிறோம். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டியது. விழா நாளில் அதில் பாதியாவது கிடைக்குமா? சத்தத்துக்கு வருவோம். 100 டெசிபல் சத்தத்தைப் பெரியவர்களின் காதே ஏறக்குறைய 15 நிமிடத்துக்கு மேல் தாங்கக் கூடாது என்பது கணக்கு. மேடையோரம் நிறுத்தும் பெட்டி ஸ்பீக்கர்கள் அந்த அளவைத் தொடுவது சாதாரணம். சில அடி தூரத்தில், சிம்மாசனம் போன்ற நாற்காலியில், பன்னிரண்டு மாதக் குழந்தை.

இதோடு ஸ்னோ ஸ்பிரே வேறு. அந்த டப்பாவில் நுரையைத் தள்ளும் வாயு தீப்பற்றக்கூடியது. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போதே, குழந்தையின் முகத்துக்கு நேராக அதை அடிக்கிறார்கள். வெடித்த பலூனின் துண்டு ஒரு வயதுப் பிள்ளையின் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுபோகும். வீட்டில் கீழே கிடக்கும் ஒரு புளியங்கொட்டைக்குப் பதறுகிற தாய், அன்று மேடையில் எதற்கும் மறுப்புச் சொல்ல முடியாமல் நிற்கிறாள்.

“வளர்ந்ததும் போட்டோவைப் பார்த்துச் சந்தோஷப்படும்” என்பது விழா எடுப்பவர்கள் சொல்லும் ஒரு வாதம். மூன்று வயதுக்கு முந்தியவை பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை. அப்படியானால் ஆல்பம் யாருக்கு? நமக்கு. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. பெற்றவர்கள் தங்கள் சந்தோஷத்துக்காக ஒரு நாளைக் கொண்டாடுவதில் குற்றமும் இல்லை. ஆனால் அதைக் குழந்தையின் பேரில் எழுதக் கூடாது. வீட்டுத் திண்ணையில், பழைய சட்டையோடு, வாயெல்லாம் பருப்புச் சோறு அப்பியிருக்க, தாத்தா மடியில் உட்கார்ந்து சிரிக்கிற ஒரே ஒரு படம், இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைக்குத் தன் வீட்டைக் காட்டும். அலங்காரக்காரர் வாடகைக்குக் கொண்டுவந்த பலூன் வளைவின் முன்னால் எடுத்த படத்தில் தெரிவது ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பின்னணி.

“ஒரு தடவைதானே வரும்” என்கிறார்கள். இரண்டாவது பிறந்தநாளும் ஒரு தடவைதான் வரும், பள்ளிக்கூடம் சேரும் நாளும் ஒரு தடவைதான் வரும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் சாப்பாடு இரண்டு வகையிலிருந்து பதினெட்டு வகையாகிறது, போட்டோவோடு டிரோன் சேர்கிறது. ஓர் இலைக்கு 350 ரூபாய் என்று மலிவாகவே வைத்தாலும் 300 பேருக்கு 1,05,000 ரூபாய். மண்டப வாடகை, மேடை அலங்காரம், மூன்றடுக்கு கேக், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் ரிட்டர்ன் கிஃப்ட் எல்லாம் இதற்கு மேலே. கர்ப்பிணியின் சத்துணவுக்கும் பேறுகாலத்துக்குமாக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் அரசு கொடுக்கும் மொத்த உதவி 18,000 ரூபாய். பல மண்டபங்களில் மேடை அலங்காரமே அதை விழுங்கிவிடும். வங்கியிலும் அடகுக்கடையிலும் நகையை வைத்து, மகளிர் குழுவில் கடன் எடுத்து இதைச் செய்கிறார்கள். தவணை கட்டி முடிப்பதற்குள் இரண்டாவது பிறந்தநாள் வந்துவிடுகிறது.

எல்லாரையும்விட அதிகம் நொறுங்குகிறவன் தாய்மாமன். நம் குடும்பங்களில் மொட்டை போட்டுக் காது குத்தும்போது பிள்ளை உட்காரும் இடம் அவன் மடி. அழகான, நெருக்கமான உறவு அது. அந்த மடியைத்தான் இப்போது விலை பேசுகிறார்கள். செண்டை மேளத்தோடு எத்தனை தட்டு வருகிறது என்று எண்ணுகிறார்கள். பழம், இனிப்பு, துணிமணி, வெள்ளிக் கொலுசு, நடைவண்டி, இவற்றுக்கு நடுவே ஒரு நகைப்பெட்டி. 2025-ல் தங்கம் சவரனுக்கு 90,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் அரைச் சவரன் செயின் என்றாலே 45,000, செய்கூலி தனி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிற ஒரு இளைஞன், தங்கையின் கல்யாணக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவன், “தங்கச்சி அந்த வீட்டுல தலை நிமிந்து நிக்கணும்ல” என்று சொல்லி மறுபடி கையெழுத்துப் போடுகிறான். வரதட்சணை வாங்குவது இந்த நாட்டில் 1961 முதல் சட்டப்படி குற்றம். கல்யாணத்தில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பிள்ளையின் பெயரால் கூசாமல் எதிர்பார்க்கிறார்கள். சீர் குறைந்தால் அந்தப் பேச்சைப் பல வருடம் கேட்கப்போகிறவள் குழந்தையின் தாய். 

மொய் வந்து செலவை ஈடுகட்டிவிடும் என்று கணக்குச் சொல்கிறவர்கள் உண்டு. மொய் என்பது வருமானம் அல்ல, நோட்டில் ஏறும் கடன். ஆயிரம் வைத்தவருக்கு அடுத்த முறை ஆயிரத்து ஐந்நூறு வைக்க வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி மாதத்தில் மொய்விருந்து நடக்கிறது. ஒரு குடும்பம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வைக்கும்; திரண்ட பணத்தில் நிலம் வாங்குவார்கள், கடை போடுவார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். பணத்துக்காகத்தான் கூடுகிறோம் என்பதை அந்த மக்கள் மறைப்பதில்லை. அதில் ஒரு நேர்மை இருக்கிறது, முதலும் கையில் நிற்கிறது. பிறந்தநாள் மொய்யோ வந்த வழியே அலங்காரக்காரருக்கும் சமையல்காரருக்கும் போய்விடுகிறது. திருப்பிச் செய்ய வேண்டிய கடமை மட்டும் வீட்டில் தங்குகிறது.

முதல் வருடம் முடிவதற்கு நம் மண்ணில் ஏன் அத்தனை மதிப்பு வந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். 1971-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் வயதைத் தாண்டவில்லை. நம் பாட்டிகளில் ஒரு பிள்ளையையாவது மண்ணுக்குக் கொடுக்காதவர்கள் குறைவு. குலதெய்வத்துக்கு முடி நேர்ந்துகொண்டதும் ஆயுஷ்ய ஹோமம் செய்ததும் அந்தப் பயத்திலிருந்து பிறந்தவை. பிள்ளை பிழைத்துவிட்டது என்று தெய்வத்திடம் சொல்லும் நன்றி அது. தமிழ்நாட்டில் 2020-ல் அந்த எண் 13 ஆகக் குறைந்திருந்தது. வெயிலிலும் மழையிலும் வீடு தேடி வந்து அட்டையைப் பார்த்துத் தடுப்பூசிக்கு அழைத்த கிராம சுகாதார செவிலியருக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவெல்லாம் விழித்திருந்து பிரசவம் பார்த்தவர்களுக்கும், 2008 முதல் ஓடும் 108 வண்டிக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. பிறந்தநாள் மேடையில் பொன்னாடை போர்த்தப்படுவது கவுன்சிலருக்கு. அந்தச் செவிலியருக்குப் பத்திரிகையே போவதில்லை. நன்றி என்ற சொல்லுக்கு இந்த விழாவில் இடமே இல்லாமல் போனதைப் போல வருத்தம் தருவது எனக்கு வேறில்லை.

பத்து வருடம் காத்திருந்து, கோயில் கோயிலாகவும் மருத்துவமனை மருத்துவமனையாகவும் ஏறி இறங்கிப் பிள்ளை பெற்றவர்களின் மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால் அதே காத்திருப்பில் இருக்கும் பெண்களை இந்த விழாக்கள் என்ன பாடு படுத்துகின்றன? வராவிட்டால் பொறாமை என்பார்கள். வந்தால், “உனக்கு எப்ப?” என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். ஆரத்தித் தட்டைத் தூக்கும் நேரத்தில் அவளைத் தாண்டி வேறொருத்தியைக் கூப்பிடுவார்கள். உறவு கூடும் இடம் என்று நாம் பெருமை பேசும் மண்டபத்தின் கடைசி வரிசையில் இதுவும் நடக்கிறது.

உறவு கூடத்தான் வேண்டும். அதற்கு மண்டபம் வேண்டியதில்லை. காலை வேளையில், குழந்தை நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, குலதெய்வக் கோயிலுக்கோ பழனிக்கோ சமயபுரத்துக்கோ போகலாம். அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று அரசு 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. கோயில் பழக்கம் இல்லாதவர்கள் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்காரலாம். குழந்தையின் முகம் பழகிய பதினைந்து இருபது பேர், வடை பாயசத்தோடு ஒரு சாப்பாடு, மதியத் தூக்கத்துக்கு முன்னால் விழா முடிந்துவிடும். பிள்ளை அன்று சிரிக்கும். தாயும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவாள்.

இளம் பெற்றோர் பலருக்கு இது தெரியாமல் இல்லை. எளிமையாகச் செய்யவே அவர்களுக்கு ஆசை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றுதான் தயங்குகிறார்கள். அந்த நாலு பேர் நாம்தான். தாத்தா பாட்டிகளே, அத்தைமார்களே, அலுவலக நண்பர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வயது முடியும்போது, “பெருசா ஒண்ணும் பண்ணலையா?” என்று மட்டும் கேட்காதீர்கள். மாமன் சீர் எவ்வளவு என்று விசாரிக்காதீர்கள். பிள்ளையைப் பார்க்க வேண்டும் போலிருந்தால், அது விழித்திருக்கும் நேரம் எது என்று தாயிடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.